பன்னிரண்டு சதவீதம்

பர்மா ரோடு, ஜார்ஜ் டவுன், பினாங்கு
18 ஏப்ரல் 1998

அலாவுதீனுக்கு,

சுகமா என்று கேட்க எழுதவில்லை.

உங்கள் கட்டுரை வந்துவிட்டது. நேற்று நூலகத்தில் புது இதழ்கள் வைத்திருக்கும் அடுக்கின் பக்கத்தில் நின்றபடியே படித்தேன். தலைப்பு, நானோ குழாய்க் கயிறுகளின் வலிமையும் நீட்சியும். முதலில் உன் பெயர், அடுத்துப் பேராசிரியர் பெயர். நன்றி சொல்லும் இடத்தில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் டெக்னீஷியன் பெயர்கூட இருக்கிறது. என் பெயரைத் திரும்பத் திரும்பத் தேடினேன்.

அந்தக் கயிற்றை முதலில் முறியாமல் இழுத்தது யார்? தலைமுடியைவிட மெல்லிய கரிக் கயிறு, இடுக்கியில் பிடித்தாலே நொறுங்குகிறது என்று நீங்கள் எல்லோரும் கைவிட்டீர்கள். அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி, அதன் குறுக்கே கயிற்றை வைத்து, இரண்டு முனையையும் பசையால் ஒட்டி, அட்டையோடு இயந்திரத்தில் மாட்டியவள் நான். கட்டுரையில் அந்த அட்டையின் படம் இருக்கிறது. ஓரத்தில் என் கத்தி வழுக்கிய கோடுகூடத் தெரிகிறது.

பிப்ரவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் திரும்பப் போவதில்லை என்று தெரிவித்துவிட்டதால் என் ஆய்வுப் பதிவை ரத்து செய்கிறார்களாம். நான் யாருக்கும் அப்படித் தெரிவிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று அரை வருஷ விடுப்பில் வந்தவள் நான். பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். உன் நண்பர் அலாவுதீன் சொல்லித்தான் தெரியும் என்று பதில் போட்டிருக்கிறார்.

சூலியா தெருவில் உன் அத்தாவின் நாசி கண்டார் சோற்றுக்கடை மேசையில் உட்கார்ந்து ஒன்றாகப் பரீட்சைக்குப் படித்தோம். ஒரே விமானத்தில் இங்கிலாந்து போனோம். நான் ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் நீ சொன்னாய், "நீ போய் அப்பாவப் பாரு. உன் இடத்த நான் பாத்துக்கிறேன் லா." நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய்.

ஈமெயிலில் எழுதியிருக்கலாம். அதில் தமிழ் வராது. உன்னைத் திட்டுவதற்கு எனக்குத் தமிழ் வேண்டியிருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். பேராசிரியரிடம் என்ன சொன்னாய்?

அருந்ததி


இங்கிலாந்து
10 மே 1998

அன்புள்ள அருந்ததி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் நானும் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பாவுக்கு வாயே திறக்கல. இந்த நெலமையில நான் எப்படி லா வர முடியும்?" என்று அழுதாய். மறுநாள் பேராசிரியர் கேட்டார், அருந்ததி வருவாளா மாட்டாளா என்று. நீ சொன்னதைச் சொன்னேன். நான் எதையும் கற்பனை செய்யவில்லை.

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பெயரைத் தேடுகிறாய். இங்கே நிலைமை வேறு. இன்னொரு லேப் அதே கயிற்றை இழுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. பேராசிரியர் தினமும் என் தலைக்குப் பின்னால் வந்து நின்றார். பண்டிகை விடுமுறையில் கட்டடத்தில் ஹீட்டரை நிறுத்திவிட்டார்கள். விரல் மரத்துப்போய்க் கயிறு ஒட்டினேன். எத்தனை முறிந்தது என்று உனக்குத் தெரியாது. பாதியில் போனவள் பெயரைப் போடலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒத்துக்கொள்கிறேன், கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு அட்டை வெட்டியதால் முழு வேலையும் உன்னுடையது ஆகிவிடாது.

பகை வேண்டாம். இந்தப் பெட்டியில் மிச்சமிருந்த கயிறுகள் கொஞ்சம் அனுப்புகிறேன். பேராசிரியரிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். நீ இப்போது அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்திருப்பதாக அத்தா சொன்னார். மாணவர்களுக்குக் காட்டலாம், சின்னதாக ஏதாவது ஆராய்ச்சியும் செய்யலாம்.

பேராசிரியருக்கு இனி எழுதாதே. அவருக்கு எரிச்சலாகிறது.

உன் அப்பாவுக்காகத் தொழுகையில் கேட்கிறேன்.

அலாவுதீன்


ஜார்ஜ் டவுன்
26 ஜூலை 1998

அன்புள்ள அலாவுதீன்,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கயிறுகள் ஒன்றுகூட முறியவில்லை. மிகவும் நன்றி.

அப்பா ஜூன் மாதம் தவறிவிட்டார். பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் அவரோடு வேலை செய்த கிளார்க்குகள் எல்லோரும் பெர்ரி ஏறி வந்திருந்தார்கள். உன் அத்தாவும் வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்து, கடைசிவரை நின்றுவிட்டுத்தான் போனார். கடைசி மாதங்களில் அப்பாவால் சோறு விழுங்க முடியாமல் இருந்தபோது, தினமும் கடையிலிருந்து கஞ்சி கொடுத்து அனுப்பியவர் அவர்தான். இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

ஏப்ரலில் நான் கோபத்தில் எழுதினேன். அப்போது தூக்கம் இல்லை, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு சேதி. இங்கே பொருளறிவியல்காரர்கள் சேர்ந்து டிசம்பர் ஐந்தாம் தேதி ஒரு கருத்தரங்கு நடத்துகிறோம். நான்தான் செயலாளர். சிறப்புரைக்கு உன் பெயரைச் சொன்னேன், எல்லோரும் உடனே சம்மதித்துவிட்டார்கள். பினாங்குப் பையன் உலகத்திலேயே முதல் ஆளாக இந்தக் கயிற்றை அளந்திருக்கிறான், அவன் பேச்சை நம் ஊர் கேட்க வேண்டாமா? நார்தம் ரோட்டில் கடலைப் பார்த்த ஹால்.

போன வாரம் கடைக்குப் போய் உன் அத்தாவிடமும் சொன்னேன். கல்லாவுக்குப் பின்னால் உன் கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா, நான் வந்து என்ன செய்ய?" என்றார். "முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்கேன் மாமா, கட்டாயம் வரணும்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாணவர்களுக்கு விளக்குவதற்காகக் கேட்கிறேன். நான் பயன்படுத்திய பசையைத்தான் நீயும் பயன்படுத்தினாயா? காய எவ்வளவு நேரம் விட்டாய்? கட்டுரையில் அது இல்லை.

அன்புடன்,
அருந்ததி


இங்கிலாந்து
13 செப்டம்பர் 1998

அன்புள்ள அருந்ததி,

அப்பா தவறிய செய்தியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். பட்டர்வொர்த் ஸ்டேஷனில் என்னைக் கண்டால், "தம்பி, இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறியா?" என்று கேட்டுத் தன் பேப்பரை நீட்டுவார். எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை.

நீ கருத்தரங்குக்குக் கூப்பிட்டதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டேன். கட்டாயம் வருகிறேன். அத்தா போனில், "அந்தப் பொண்ணு வந்து கூப்பிட்டுச்சுடா, எனக்கு புது சட்ட தைக்கக் குடுத்திருக்கேன்" என்கிறார். அவர் புதுச் சட்டை தைத்து எத்தனை வருஷம் ஆயிற்று.

பசையைக் கேட்டிருந்தாய். உன்னுடையது காய இரண்டு நாள் ஆகிறது, அந்த அவசரத்தில் அது கட்டுப்படியாகவில்லை. கடையில் விற்கும் சீக்கிரம் காயும் பசையை எடுத்துக்கொண்டேன். ஒட்டி அரை மணி நேரத்தில் இழுத்துவிடலாம்.

இனி எழுதுவது நமக்குள் இருக்கட்டும். அந்த இன்னொரு லேப் கயிற்றை இழுத்துவிட்டதாம். முறியும்போது எவ்வளவு வலிமை என்பதில் என் எண்ணும் அவர்கள் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீட்சிதான் உதைக்கிறது. நான் பன்னிரண்டு சதவீதம் என்று எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு மூன்றுகூட வரவில்லையாம். அவர்கள் கயிறு மட்டம் என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் நம்புகிறார். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அந்தப் பன்னிரண்டை வைத்துத்தான் பேராசிரியர் புதிய திட்டத்தையே எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கயிற்றை உன்னைப்போல் அறிந்தவர்கள் யாரும் இல்லை. எங்காவது பிழை இருப்பதாக உனக்குத் தோன்றினால், டிசம்பருக்கு முன்னால் எனக்கு எழுது. நானே திருத்திவிடுகிறேன். இதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

அலாவுதீன்


ஜார்ஜ் டவுன்
9 அக்டோபர் 1998

அன்புள்ள அலாவுதீன்,

நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிழை எதுவும் தோன்றவில்லை.

நிம்மதியாகப் புறப்பட்டு வா. அத்தாவின் புதுச் சட்டை தயாராகிவிட்டது. வெள்ளை, முழுக்கை.

அருந்ததி


சூலியா தெரு, ஜார்ஜ் டவுன்
8 டிசம்பர் 1998

அருந்ததி,

உன் வீடு இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். நேரில் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாததால் எழுதுகிறேன்.

எனக்குப் பிழை எதுவும் தோன்றவில்லை என்று அக்டோபரில் எழுதினாய். அப்போதே எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து முடித்திருக்கிறாய். புக்கிட் தெங்காவில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிற, நம்மோடு படித்த ஹமீதாவிடம் சொல்லி, சிப்பின் மெல்லிய தங்கக் கம்பியை இழுத்துச் சோதிக்கிற இயந்திரத்தைக் கேட்டு வாங்கி, நான் அனுப்பிய கயிறுகளை, நான் எழுதிக் கொடுத்த அதே பசையால் ஒட்டி. ஆயுதத்தை என்னிடமே வாங்கியிருக்கிறாய்.

நான் பேசி முடித்து எல்லோரும் கைதட்டினார்கள். அத்தா எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார். அப்போது நீ எழுந்து, ஒரே ஒரு கேள்வி என்றாய். உன் படத்தைத் திரையில் போட்டாய். இரண்டு மில்லிமீட்டர்க் கயிறு பன்னிரண்டு சதவீதம் நீள்கிறது. அதே கயிறு நான்கு மில்லிமீட்டர் என்றால் ஏழுதான் வருகிறது. ஒரே பொருள் தன் நீளத்தைப் பார்த்துக் குணத்தை மாற்றிக்கொள்ளுமா என்று கேட்டாய். நான் வாயைத் திறக்குமுன் நீயே பதிலையும் சொன்னாய். நீண்டது கயிறு அல்ல, இரண்டு முனையிலும் பசை வழுக்கியிருக்கிறது, கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த வழுக்கல் ஒரே அளவுதான் என்று.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை என்று இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறேன். வேறு வேறு நீளத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது பள்ளிப் பையனுக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வெட்டிவிட்டேன்.

அத்தா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடைவரை கேட்டது. "என்னங்க சொல்லுது அந்தப் பொண்ணு?" அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அத்தா கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் நான் அதைச் சொன்னேன். "கயிற்றை ஒட்டும் முறை என்னுடையதல்ல. அதை உருவாக்கியவர் குமாரி அருந்ததி விஸ்வலிங்கம். பிழை அந்த முறையில் இருந்தால் அவர்தான் விளக்க வேண்டும்." ஹாலே திரும்பி உன்னைப் பார்த்தது. தலைவர் சிரித்துக்கொண்டு டீக்கு எழுந்துவிட்டார், உனக்குப் பதில் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது போதும்.

ஏப்ரலிலிருந்து உன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, கொடுத்துவிட்டேன். இதழுக்கு அனுப்பப்போகும் திருத்தத்திலும் கொடுப்பேன். ஒட்டும் முறை அருந்ததியுடையது, அது தவறாகப் போயிற்று என்று.

அன்று இரவு சாப்பாட்டில் அத்தா ஒன்று கேட்டார். "அந்தப் பொண்ணோட முறைன்னா, கல்லாவுல மாட்டியிருக்கிற பேப்பர்ல அது பேரு ஏன்டா இல்ல?" நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அலாவுதீன்


ஜார்ஜ் டவுன்
14 ஜனவரி 1999

அலாவுதீன்,

உன் திருத்தத்தை அனுப்பாதே. என்னுடையது முந்திவிட்டது.

என் பசையை ஏன் இரண்டு நாள் காயவிட்டேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அவசரத்தில் அது கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் எழுதினாய். டிசம்பர் கூட்டத்துக்கு முன்பே என் பசையாலும் ஒட்டி இழுத்திருந்தேன். இரண்டு மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒரே எண்தான் வருகிறது. மூன்றுக்குச் சற்றுக் கீழே. ஹாலில் அந்தப் படத்தையும் காட்டியிருப்பேன், டீ வந்துவிட்டது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பேராசிரியருக்கும் இதழுக்கும் அனுப்பினேன். என் முறையில் பிழை இல்லை, அதை அரை மணி நேரத்தில் செய்தவரிடம் இருக்கிறது என்று, மரியாதையான ஆங்கிலத்தில்.

அக்டோபரில் பொய் எழுதியதாகச் சொல்கிறாய். ஆமாம், பொய்தான். நீ திருத்திக்கொள்ளலாம் என்று கேட்டாய். திருத்திக்கொண்டிருப்பாய், அதற்கும் ஒரு கட்டுரை எழுதியிருப்பாய், அதிலும் என் பெயர் இருந்திருக்காது. மறுபடி கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

கூட்டம் முடிந்து நீ விமானம் ஏறிய மறுநாள் உன் அத்தா வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"எம்மவன் உன்னைய ஏமாத்துனானா?"

"ஆமா மாமா."

"நாசமாப் போகட்டும். ஆனா அதுக்கு என்னைய எதுக்கும்மா முன் வரிசையில உக்கார வச்ச?"

கம்பிக் கதவை அவரே சாத்திவிட்டுப் போனார். அவரை அங்கே உட்கார வைத்ததற்காக வருந்துகிறேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத வரவில்லை. என் அப்பா மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது என் படிப்பைத் தின்றவன் நீ. "உன் இங்கிலாந்து படிப்பு என்னம்மா ஆச்சு?" என்று அவர் கண்ணாலேயே கேட்பார். நான் எல்லாம் நடக்கிறது என்று தலையாட்டுவேன். அதை எதைக் கொண்டு ஈடு செய்வாய்?

போன வாரம் பேராசிரியரின் பேக்ஸ் வந்தது. என் பதிவைப் புதுப்பித்துவிட்டார்கள். ஏப்ரலில் வரச் சொல்கிறார். கயிறுகளை எல்லா நீளத்திலும் முதலிலிருந்து இழுக்க வேண்டுமாம். உன்னை நீக்கிவிடப் போவதாகவும் எழுதியிருந்தார்.

நீக்க வேண்டாம் என்று பதில் போட்டேன். அது என் நிபந்தனை. அலாவுதீன் இருந்தால்தான் வருவேன் என்று எழுதினேன். என்னைப் பெருந்தன்மையானவள் என்று நினைத்துக்கொண்டு பாராட்டியிருக்கிறார்.

உனக்குத் தெரியும் அது என்ன என்று. தினமும் காலையில் நீ கயிறு ஒட்ட வேண்டும். நான் சொல்கிற பசையால், நான் சொல்கிற நேரம் வரைக்கும். பிறகு எழுந்து விலகி நிற்க வேண்டும். இழுப்பதும் அளப்பதும் எழுதுவதும் நான். லேபில் எல்லோருக்கும் முன்னால், நீ உட்கார்ந்த அதே நாற்காலியில்.

தயாராக இரு.

அருந்ததி


இங்கிலாந்து
28 மார்ச் 1999

அருந்ததி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். இதை நீ படிக்கும்போது நான் பினாங்கில் இருப்பேன்.

நேற்றுப் பேராசிரியரிடம் போனேன். 97 டிசம்பரில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து செய்த போன் விஷயத்தைச் சொன்னேன். நீ வரமாட்டேன் என்று சொல்லவில்லை, எப்படி வருவது என்று அழுதாய், அவ்வளவுதான். அதை வரமாட்டாள் என்று மாற்றியது நான். உன் இடம் காலியானால் திட்டம் முழுக்க எனக்கு வரும் என்று தெரிந்தே மாற்றினேன். அதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்தப் பெண் உன்னை வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறாளே" என்றார். தெரியும் என்றேன். ராஜினாமாவை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இதையெல்லாம் எழுதியும் கொடுத்தேன், அது அவரிடம் இருக்கிறது, வேண்டுமானால் கேட்டுப் பார்.

நான் திருந்திவிட்டதாக நினைக்காதே. நாலு பேருக்கு முன்னால் தினமும் என்னை நிற்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாய். அது உனக்குக் கிடைக்காது. உன்னிடமிருந்து எடுத்தது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னை மட்டும் கொடுக்க மாட்டேன்.

அத்தாவிடம் போனில் சொன்னேன். கல்லாவுக்கு ஆள் வேண்டும், வந்துவிடு என்றார். கண்ணாடி போட்ட காகிதத்தை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை உன் பசையால் ஒரு கயிறு ஒட்டினேன். நான்கு மில்லிமீட்டர். நீ சொன்ன நேரம் காயவிட்டேன். இன்று காலை இழுத்தேன். இரண்டு புள்ளி எட்டு. உன் எண் சரி.

மீதிக் கயிறுகள் டப்பாவில் இருக்கின்றன. அட்டை வெட்டி வைக்கவில்லை, பசையும் கலக்கவில்லை. ஒட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஷேக் அலாவுதீன்